தொழிலும் நாமும்: விலையைக் கேட்க முன் மணித்தியாலத்தைக் கேளுங்கள்



ஊரில் பள்ளிக்கூடச் சுவர்களில் "சுத்தம் சோறு போடும்" என்று எழுதியிருப்பார்கள். பிரான்சுக்கு வந்து சேர்ந்த எம்மவர்களில் பலருக்கு அது எழுத்துக்கு எழுத்து உண்மையாகிப் போனது. கந்தோர், ரெஸ்ரோறன்ற், ஹொட்டேல், ரயில் நிலையம் என்று ஊர் உறங்கும் நேரத்தில் நிலம் துடைத்தும் கோப்பை கழுவியும்தான் முதற் சம்பளத்தைக் கையில் வாங்கினோம். புதிதாக வருகிற குடும்பங்களிலும் பலர் அந்த வழியாலேயே தொடங்குகிறார்கள்.

இன்று எமக்குள் இன்னொரு வகையினரும் இருக்கிறார்கள். லா சப்பலில் ரூ கைல் வழியாகவோ ஃபோபூர் சன் தெனி வீதி வழியாகவோ ஒருமுறை நடந்தால், கடைக் கண்ணாடிகளுக்குள் ரோல்ஸ், பற்றிஸ், வடை, இடியப்பம், பொதி செய்த மிளகாய்த்தூள் எல்லாம் அடுக்கியிருப்பதைக் காணலாம். இவ்வகைப் பண்டங்களைச் சிலர் கடையின் பின்னறையில் செய்கிறார்கள். சிலர் புறநகரில் தொழிற்கூடம் வாடகைக்கு எடுத்துச் செய்கிறார்கள். இரண்டு பேருடன் தொடங்கிய வேலை பத்துப் பேருக்கு வளர்ந்ததும், "இனி இரவில் வந்து கழுவித் துடைக்க ஒரு துப்புரவுக் கம்பனியைப் பிடிப்போம்" என்ற எண்ணம் வருகிறது. ஆக, துப்புரவை விற்கும் பக்கத்திலும் நாம் நிற்கிறோம். வாங்கும் பக்கத்திலும் நாம் நிற்கிறோம்.

உணவுத் தொழிற்கூடம் ஒன்றுக்குத் துப்புரவுக் கம்பனியைத் தெரிவு செய்வது எப்படி என்பதை இம்முறை பார்ப்போம். முதலாளிமாருக்காக மட்டும் இதை எழுதவில்லை. அங்கே இரவில் வேலைக்குப் போகும் தம்பிக்கும் தங்கைக்கும் இது உதவும்.

பொறுப்பைக் குத்தகைக்குக் கொடுக்க முடியாது

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கழுவும் வேலையை வேறொருவரிடம் கொடுக்கலாம்; பொறுப்பைக் கொடுக்க முடியாது. 2006 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் 852/2004 இலக்க ஐரோப்பியச் சட்டம், உணவின் பாதுகாப்புக்கு முதற் பொறுப்பாளி அதைத் தயாரிக்கும் தொழிலை நடத்துபவரே என்று தெளிவாகச் சொல்கிறது. பரிசோதகர் வந்து வெட்டும் பலகையில் அழுக்கைக் கண்டால், "அது துப்புரவுக் கம்பனியின் பிழை" என்று சொல்லித் தப்ப இயலாது. பிரான்சில் 2017 ஏப்பிரல் முதல் இந்தப் பரிசோதனைகளின் பெறுபேறுகள் பொதுமக்கள் பார்க்கக்கூடியதாக வெளியிடப்படுவதையும் மறக்க வேண்டாம்.

இது சிறியவர்களுக்கு மட்டும் உள்ள தலைவலி அல்ல. பிரான்சின் வடக்கே கோத்ரி என்ற ஊரில் நெஸ்லேயின் புய்த்தோனி பீட்சாத் தொழிற்சாலை இருந்தது. 2022 மார்ச்சில் அதன் பீட்சா வகை ஒன்று சந்தையிலிருந்து திருப்பி எடுக்கப்பட்டது. ஈ-கோலி கிருமியால் பல பிள்ளைகள் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள். 2022 ஏப்பிரல் 1 அன்று மாவட்ட ஆட்சியாளர் அங்கே உற்பத்தியை நிறுத்தக் கட்டளையிட்டார். கிருமி எவ்வழியால் வந்தது என்பது நீதிமன்றம் ஆராயவேண்டிய விடயம். ஆனால் கதவை மூடிய அந்தக் கட்டளைக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் எலித் தொல்லையும் துப்புரவுக் குறைவும் இருந்தன. பெரிய பெயர் உள்ளவர்களுக்கே இந்த நிலை என்றால், வங்கிக் கடனிலும் சீட்டுக் காசிலும் தொடங்கிய எமது தொழில்கள் ஒரு வாரம் பூட்டப்பட்டால் தாங்குமா?

மினுங்குவது எல்லாம் சுத்தம் அல்ல

வீட்டுத் துப்புரவுக்கும் உணவுத் தொழிற்கூடத் துப்புரவுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. நிலம் மினுங்கினால் வீட்டில் போதும். தொழிற்கூடத்தில் ஆபத்து ஒளிந்திருப்பது இயந்திரத்தின் உள்ளே.

ரொறன்ரோவில் உறவினர் உள்ளவர்களுக்கு 2008ஆம் ஆண்டு கோடைகாலம் நினைவிருக்கலாம். மேப்பிள் லீஃப் கம்பனியின் தொழிற்சாலை ஒன்றில் தயாரான இறைச்சித் துண்டுகளால் லிஸ்தீரியா நோய் பரவியது. அரசு நியமித்த விசாரணையின் அறிக்கை 22 மரணங்களைக் கணக்கிட்டது. இறைச்சியை வெட்டும் இயந்திரங்களின் ஆழத்தில் கிருமி தங்கியிருந்ததே பெரும்பாலும் காரணம் என்று கம்பனியே அறிவித்தது. வெளியே நாளாந்தம் கழுவப்பட்டுக்கொண்டே இருந்தது; உள்ளே கிருமி வாழ்ந்துகொண்டே இருந்தது.

இந்த லிஸ்தீரியா குளிர்ப்பெட்டியின் குளிரிலும் வளரக்கூடியது. கர்ப்பிணிகளுக்கும் முதியோருக்கும் மிகவும் கொடியது. தண்ணீர் வடியும் கான்கள், றப்பர் வளையங்கள், ஆணி இடுக்குகள், குளிர் அறையின் கதவு ஓரம் ஆகியவை அதற்கு விருப்பமான இடங்கள். ஆகவே, கம்பனிக்காரர் வந்தால் முதற் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "எங்கள் அரைக்கும் இயந்திரத்தை யார் கழற்றுவது? எதுவரை கழற்றுவது? திரும்பப் பூட்டுவது யார்?" இதற்கு உடனே நேரான பதில் இல்லையென்றால் அவர் கந்தோர் துடைத்துப் பழகியவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

மலிவு எங்கிருந்து வருகிறது?

இப்போது விலைக்கு வருவோம். எம்மவர்கள் இரண்டு மூன்று கம்பனிகளிடம் 'தெவி' எனப்படும் விலைமதிப்பு வாங்கி, அடியில் இருக்கும் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்து வைப்பதுண்டு. அடியில் உள்ள தொகையைப் பார்க்குமுன், அதற்குள் எத்தனை மணித்தியாலம் இருக்கிறது என்று பாருங்கள்.

ஓர் உதாரணம். முதற் கம்பனி, இரண்டு பேர் நாளுக்கு 3 மணித்தியாலப்படி வாரத்தில் 6 இரவுகள் வருவதாகச் சொல்கிறது. வாரத்துக்கு 36 மணித்தியாலம். இரண்டாவது கம்பனி மூன்றில் ஒரு பங்கு மலிவு. விசாரித்தால் அதே இரண்டு பேர், அதே 6 இரவுகள், ஆனால் 2 மணித்தியாலம்தான். வாரத்துக்கு 24. அதாவது வருடத்துக்கு 624 மணித்தியாலம் குறைவு. உங்களுக்கு மிச்சம் பிடித்துத் தந்தது அவருடைய கெட்டித்தனம் அல்ல. இயந்திரத்தைக் கழற்றிக் கழுவ வேண்டிய நேரம்.

தொகையை மணித்தியாலத்தால் பிரித்துப் பாருங்கள். வரும் விடை சட்டபூர்வமான அடிப்படைக் கூலியாகிய 'ஸ்மிக்'குக்குக் கிட்டவாக இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். கூலிக்கு மேல் முதலாளி கட்டும் சமூகப் பாதுகாப்புப் பணம், விடுமுறைச் சம்பளம், இரவு வேலைக்கான மேலதிகம், மருந்து, கையுறை, கம்பனியின் இலாபம் எல்லாம் அதற்குள்தான் வரவேண்டும். வராவிட்டால் எங்கோ ஓர் ஆள் பதியப்படாமல் வேலை செய்கிறார், அல்லது எழுதிய மணித்தியாலம் செய்யப்படுவதில்லை.

துப்புரவுத் தொழிலில் சினர் என்ற ஜேர்மனியர் 1959இல் வகுத்த ஒரு வட்டம் உண்டு. எந்த அழுக்கையும் அகற்ற நான்கு வேண்டும்: நேரம், உரசல், மருந்து, வெப்பம். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றைக் கூட்டியே ஆகவேண்டும். நேரத்தைக் குறைத்தால் மருந்தைக் கடுமையாக்குவார்கள். அந்த மருந்து பிறகு கழுவுபவரின் கையிலும் கண்ணிலும் மூச்சிலும் வேலை செய்யும்.

கம்பனியிடம் கேட்கவேண்டியவை

இடத்தைப் பார்க்காமல் தொலைபேசியில் விலை சொல்பவரை விட்டுவிடுங்கள். வேலை நடக்கும் நேரத்தில் ஒருமுறையும், வேலை முடிந்து எண்ணெயும் மாவும் கிடக்கும் நேரத்தில் ஒருமுறையும் வந்து பார்க்கச் சொல்லுங்கள். பார்த்தபின் பின்வருவனவற்றைக் கேளுங்கள்.

ஒழுங்கு என்ன? சரியான ஒழுங்கு இதுதான்: முதலில் உணவுப் பொருட்களை அகற்றி, மிச்சங்களைக் கூட்டி எடுத்தல், இளஞ்சூட்டு நீரால் அலசல், சவர்க்காரம் போட்டு உரசல், மீண்டும் அலசல், கிருமிநீக்கி, குறித்த நேரம் காத்திருத்தல், நல்ல தண்ணீரால் அலசல், உலரவிடல். முதல் அலசலுக்குக் கொதிநீர் ஊற்றினால் இறைச்சியும் முட்டையும் அவிந்து உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். அழுக்கின்மேல் கிருமிநீக்கியை ஊற்றுவது வீண் செலவு. போத்தலில் 5 நிமிடம், 15 நிமிடம் என்று போட்டிருக்கும் நேரம் அலங்காரத்துக்கு அல்ல.

தண்ணீர் எங்கே கூடாது? மிளகாய், மல்லி அரைக்கும் பகுதியிலும் மா சலிக்கும் பகுதியிலும் தண்ணீர் அடித்துக் கழுவினால், காய்ந்திருந்த தூளில் ஈரம் சேர்ந்து கிருமியும் பூஞ்சணமும் வளரும். அங்கே தூரிகையும் உறிஞ்சும் இயந்திரமும்தான். எல்லாவற்றுக்கும் உயர் அழுத்தக் குழாயோடு வருபவர் கானில் உள்ள கிருமியைக் காற்றில் தெளித்து மேசைக்கு அனுப்பிவிடுவார்.

எந்த மருந்து? உணவு தொடும் இடங்களுக்கு அனுமதிக்கப்பட்டதா, ஐரோப்பிய 1276 இலக்கக் கிருமிநீக்கிச் சோதனையில் தேறியதா என்று கேட்டு, ஒவ்வொரு மருந்தின் பாதுகாப்புத் தாளையும் வாங்கிக் கோவையில் வையுங்கள்.

கடுகைப் பற்றித் தெரியுமா? சிரிக்க வேண்டாம். ஒவ்வாமை தரும் பொருட்கள் என்று ஐரோப்பியச் சட்டம் குறிக்கும் 14 வகைகளில் கடுகும் ஒன்று. எள்ளு, கச்சான், இறால், மீன், முட்டை, பால், கோதுமை மா ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. எட்டும் எமது சமையலில் நாளாந்தம் புழங்குபவை. 2021இல் வந்த திருத்தத்தின்படி, இப்படியான பொருள் பட்ட பாத்திரத்தையும் இயந்திரத்தையும் துப்புரவாக்கி, கண்ணுக்குத் தெரியும் மிச்சம் எதுவும் இல்லை என்று பார்த்த பின்பே, அந்தப் பொருள் சேராத உணவுக்குப் பாவிக்கலாம். இதைத் துப்புரவுக் கம்பனிக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். கச்சான் அரைத்த இயந்திரம் எது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

யார் வருவார்கள்? ஒரே ஆட்களா, நாளுக்கு ஒருவரா? ஒருவர் சுகவீனமானால் யார்? இவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது யார்? மேற்பார்வையாளர் மாதத்தில் எத்தனை தடவை வருவார்?

எப்படிச் சோதிப்பது? காலையில் வேலை தொடங்குமுன் உங்கள் ஆள் ஒருவர் ரோச் லைற்றோடு சுற்றிப் பார்த்து, தாளில் நேரம் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். மேசையிலும் கத்தியிலும் ஒற்றியெடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் சோதனை இடைக்கிடை நடக்கவேண்டும். அதன் செலவு யாருடையது, பெறுபேறு பிழைத்தால் திரும்பக் கழுவுவது யாருடைய செலவில் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கடதாசி வேலை

பிரான்சில் கடதாசி இல்லாமல் ஒன்றும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே அந்தக் கடதாசிதான் உங்களைக் காப்பாற்றும்.

ஒப்பந்தத்தின் மொத்தத் தொகை வரி நீங்கலாக 5,000 யூரோ அல்லது அதற்கு மேல் என்றால், கையெழுத்து வைக்கும்போதும், அதன்பின் 6 மாதத்துக்கு ஒருமுறையும், கம்பனி சமூகப் பாதுகாப்புப் பணத்தை ஒழுங்காகக் கட்டுகிறது என்ற 'உர்சாஃப்' அத்தாட்சிப் பத்திரத்தை வாங்கவேண்டும். கம்பனிப் பதிவுக்கான 'கா-பிஸ்' பத்திரமும், வேலை அனுமதி தேவைப்படும் வெளிநாட்டுத் தொழிலாளரின் பெயர்ப் பட்டியலும் வேண்டும். உர்சாஃப் பத்திரத்தில் உள்ள இலக்கத்தைக் கொண்டு அது மெய்யானதா என்று பரிசோதிக்கலாம். இவற்றை வாங்காமல் விட்டு, அந்தக் கம்பனி களவாக ஆள் வைத்தது பிடிபட்டால், அது கட்டாத வரியும் சம்பளமும் உங்கள் தலையிலும் விழக்கூடும்.

அடுத்தது, வேலை தொடங்குமுன் இரு பகுதியாரும் சேர்ந்து இடத்தைச் சுற்றிப் பார்த்து ஆபத்துக்களைக் குறிக்கவேண்டும். வருடத்துக்கு 400 மணித்தியாலம் அல்லது அதற்கு மேல் வேலை இருந்தால் இதை எழுத்தில் வைப்பது 1992இல் வந்த ஆணையின்படி கட்டாயம். மேலே சொன்ன வாரம் 36 மணித்தியால வேலை வருடத்துக்கு 1,872 மணித்தியாலம் ஆகிறதே!

ஒப்பந்தம் தானாகவே நீடிக்குமா, நிறுத்துவதற்கு எத்தனை மாதம் முன்னறிவித்தல் என்பதைக் கவனியுங்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையைப் பிடித்து வைத்து வாசிப்பிக்க வேண்டாம். பிள்ளைக்குப் பிரெஞ்சு தெரியும், ஒப்பந்தம் தெரியாது. கணக்காளரிடமோ விடயம் தெரிந்த பெரியவரிடமோ காட்டுங்கள்.

இரவில் உள்ளே இருப்பவர் யார்?

இனி மறுபக்கம். அமெரிக்காவில் இறைச்சித் தொழிற்சாலைகளை இரவில் கழுவும் மிகப் பெரிய ஒப்பந்தக் கம்பனிகளில் ஒன்று பக்கர்ஸ் சனிற்றேஷன் சேர்விசஸ். 8 மாநிலங்களில் 13 தொழிற்சாலைகளில் 13 முதல் 17 வயது வரையான 102 பிள்ளைகளை இது இரவு வேலையில் வைத்திருந்ததாக அந்நாட்டுத் தொழில் திணைக்களம் கண்டுபிடித்தது. கடும் மருந்துகளால் எலும்பு வெட்டும் வாள்களைக் கழுவினார்கள். குறைந்தது மூவர் காயப்பட்டிருந்தார்கள். 2023 பெப்ரவரியில் கம்பனி 15 லட்சம் டொலருக்கு மேல் தண்டம் கட்டியது. அந்தத் தொழிற்சாலைகளின் சொந்தக்காரர்கள் உலகப் புகழ் பெற்றவர்கள். இரவில் தமது கூரையின் கீழே யார் நிற்கிறார்கள் என்று ஒருவர் எட்டிப் பார்த்திருந்தால் போதும், முகத்தைப் பார்த்தே வயது தெரிந்திருக்கும்.

துப்புரவு வேலைக்குப் போகும் உறவுகளுக்குச் சில வார்த்தைகள். இங்கு துப்புரவுத் தொழிலுக்கான கூட்டு ஒப்பந்தத்தில் 7ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. முதலாளி துப்புரவுக் கம்பனியை மாற்றினால் உங்கள் வேலை போய்விடாது. நீங்கள் அந்த இடத்தில் குறைந்தது 6 மாதம் வேலை செய்து, பழைய கம்பனிக்கான உங்கள் வேலை நேரத்தில் நூற்றுக்கு 30 பங்காவது அங்கே செய்திருந்து, நிரந்தர ஒப்பந்தமும் செல்லுபடியான வேலை அனுமதியும் உள்ளவராக இருந்தால், புதிய கம்பனி உங்களை அதே சம்பளத்தோடும் சேவைக் காலத்தோடும் எடுக்கவேண்டும். நீண்டகாலம் வேலைக்கு வராதிருந்தவர்களுக்கு வேறு விதி உண்டு. ஆகவே சம்பளத் தாள்களை ஒன்றும் தவறாமல் சேர்த்து வையுங்கள். "மணித்தியாலத்தைக் குறைத்துக் கையெழுத்து வை" என்றால் வாசித்துக் காட்டுமாறு கேளுங்கள். தொழிற்சங்கத்திடம் கேட்காமல் வைக்க வேண்டாம்.

முதலாளிமாரும் இதிலிருந்து ஒன்றைப் படிக்கலாம். புதிய கம்பனியும் அதே ஆட்களைத்தான், அதே சம்பளத்துக்குத்தான் எடுக்கிறது. அப்படியிருக்க அது எப்படி மூன்றில் ஒரு பங்கு மலிவாக வரமுடியும்? மணித்தியாலத்தில் கைவைத்துத்தான்.

பாதுகாப்புக்கு மூன்று விடயங்கள். ஜாவெல் போன்ற குளோரின் மருந்தையும் சுண்ணாம்புக் கறை நீக்கும் அமிலத்தையும் ஒருபோதும் கலக்க வேண்டாம். பாரிஸ் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்பதால் இரண்டும் ஒரே அலுமாரியில் நிற்கும்; கலந்தால் எழுவது நச்சு வாயு. மருந்து கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, 15ஆம் இலக்கத்துக்கோ 112க்கோ அழையுங்கள். மின்சாரத்தை நிறுத்திப் பூட்டாமல் எந்த இயந்திரத்துக்குள்ளும் கை விட வேண்டாம். கையுறை, கண்ணாடி, சப்பாத்து கொடுப்பது முதலாளியின் கடமை. அதற்குச் சம்பளத்தில் வெட்ட முடியாது.

கடைசியாக, தெரிவு செய்தபின் முதல் மூன்று மாதத்தைப் பரீட்சைக் காலமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் இரண்டு மூன்று இரவாவது நீங்களே போய், தொடக்கம் முதல் முடிவுவரை நில்லுங்கள். பிழை பிடிப்பதற்கு அல்ல. எழுதிக் கொடுத்த நேரத்துக்குள் அந்த வேலை மனிதரால் முடியக்கூடியதா என்று பார்ப்பதற்கு. முடியாது என்று கண்டால் மணித்தியாலத்தைக் கூட்டுங்கள். அவர்களின் பெயரைக் கேளுங்கள். தேநீர் ஊற்றிக் கொடுங்கள். எந்த இடுக்கில் அழுக்குத் தேங்குகிறது என்பது உங்களுக்கும் கம்பனிக்காரருக்கும் தெரிவதைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்வதற்கு அவர்களுக்கு நேரமும் துணிவும் இருக்கும் இடத்தில்தான் மறுநாள் எமது பிள்ளைகள் சாப்பிடும் ரோல்ஸ் பாதுகாப்பாக இருக்கும்.